எழுத்துப் பிழையும் பொருட் பிழையும்

பிழை திருத்துதல் சிறு தொழில் என்பது பலர் எண்ணம். நூலை எழுதியவர் பெயர் அட்டையில் நிற்கும். மெய்ப்புப் பார்த்தவர் பெயர் எங்கும் இராது. கணினித் துறையிலும் இவ்வெண்ணம் வேரூன்றியுள்ளது. அது பொருந்துமா என்பதை ஓர் எடுத்துக்காட்டால் ஆராய்தல் தகும்.

லினக்ஸ் இயங்குதளத்தின் கருப்பகுதியைக் கெர்னல் என்பர். 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய அப்பணி, இன்று பல நாட்டாரும் கூடி எழுதும் பெரும்பணியாக வளர்ந்துள்ளது. நிரலோடு விளக்க ஏடுகளும் சேர்ந்தே வெளிவருகின்றன. அவற்றுள் மின்னாற்றல் மேலாண்மை பற்றியவை ஒரு தனித் தொகுதி. கணினி துயிலுமுன் எவற்றைச் சேமிக்க வேண்டும், விழித்தபின் ஒவ்வொரு கருவியும் எம்முறையில் மீள வேண்டும் என்பனவற்றை அவை கூறுகின்றன. எழுதியோர் நிரல் வல்லார். பலருக்கு ஆங்கிலம் தாய்மொழியன்று. ஆதலின் பிழை புகுதல் இயல்பே.

நால்வகைப் பிழை

அப்பிழைகளை நான்காகப் பகுக்கலாம். முதலாவது, கண்ணை உறுத்தினும் கருத்தைக் கெடுக்காத பிழை. ‘ரிசீவ்’ என்னும் சொல்லில் நடுவிலுள்ள இரண்டு உயிரெழுத்துகள் இடம் மாறி நிற்பது இவ்வகை. படிப்போர் ஒரு கணம் தயங்குவர், பொருளை இழவார்.

இரண்டாவது, தேடலைக் கெடுக்கும் பிழை. நிரலாளர் இவ்வேடுகளை முதலிலிருந்து இறுதிவரை படிப்பவரல்லர். வேண்டிய பெயரைக் கணினியிலிட்டுத் தேடுபவர். ஏட்டில் அப்பெயரின் ஓர் எழுத்துத் தவறியிருந்தால், உள்ள பகுதியே இல்லாததாகிவிடும்.

மூன்றாவதே கொடியது. அது பொருளைப் புரட்டும் பிழை. கணினி இயங்கும்போதே தனித்தனிக் கருவிகளைத் துயிலச் செய்யும் முறை ஒன்று உண்டு. அதில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பயன்பாட்டுக் கணக்கு இருக்கும். கருவியை எடுத்தாள்வோர் கணக்கில் ஒன்று கூட்ட வேண்டும். முடித்தபின் ஒன்று கழிக்க வேண்டும். கணக்குச் சுழியானால்தான் கருவி துயிலலாம். கூட்டுதலைக் குறிக்கும் ‘இன்க்ரிமென்ட்’, கழித்தலைக் குறிக்கும் ‘டிக்ரிமென்ட்’ ஆகிய இரண்டும் முதலிரண்டு எழுத்துகளில் மட்டுமே வேறுபடுவன. ஒன்றன் இடத்தில் மற்றொன்று நின்றால் என்னாகும்? அதை நம்பி எழுதிய நிரலால் கருவி ஒருபோதும் துயிலாது மின்கலத்தைத் தின்னலாம். அல்லது வேலையின் நடுவே துயிலலாம்.

நினைவகத்தை வட்டில் எழுதிவிட்டுக் கணினியை முற்றும் அணைக்கும் முறையில் இடர் இன்னும் பெரிது. அணைத்தபின், மீட்டெழுப்புமுன், வட்டிலுள்ளவற்றை மாற்றலாகாது என்று ஏடு கடுமையாக எச்சரிக்கிறது. மாற்றினால் சேமித்த நினைவும் வட்டின் நிலையும் முரணிக் கோப்புகள் அழியும். அங்கே எதிர்மறை காட்டும் ‘நாட்’ என்னும் சொல், ஈற்றெழுத்து மாறி ‘நவ்’ ஆயிற்று என்று கொள்க. ‘ஆகாது’ என்பது ‘இப்போது’ என்றாகிவிடும். ஓரெழுத்தன்றோ தடையை நீக்கிவிட்டது!

நான்காவது, திருத்தலாகாத பிழை. இணையப் பக்கங்களைக் கேட்டுப் பெறும் நெறியில் ‘ரெஃபரர்’ என்னும் சொல் ஓர் எழுத்துக் குறைந்தே 1996ஆம் ஆண்டின் வரையறையில் இடம்பெற்றது. எண்ணற்ற நிரல்கள் அவ்வடிவையே நம்பி எழுதப்பட்டுவிட்டமையின், அது இன்றும் அவ்வாறே வழங்குகிறது. கெர்னலிலும் நிரலில் நிலைத்துவிட்ட பெயர் பிழையுற்றிருப்பின், ஏட்டில் மட்டும் அதனைத் திருத்துவது புதியதொரு பிழையைப் படைப்பதேயாகும்.

பட்டியலும் அறிவும்

கெர்னலோடு ஒரு பிழைப்பட்டியலும் வழங்குகிறது. டெபியன் குழுவினரின் லின்டியன் என்னும் கருவியிலிருந்து பெறப்பட்ட அப்பட்டியல் 2014ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டது. இடப்புறம் பிழைச்சொல், வலப்புறம் திருந்திய சொல் என்பது அதன் அமைப்பு. புதிய மாற்றங்களைச் சோதிக்கும் நிரல் அதனைப் பார்த்து எச்சரிக்கும். இது போற்றத்தக்க ஏற்பாடே. ஆனால் அது காணுவது பெரும்பாலும் முதல்வகைப் பிழையை. ‘நவ்’ என்பதும் நல்ல சொல்லே. ஆதலின் பட்டியல் வாய் திறவாது. மாணவன் ‘வலி’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘வளி’ என்று எழுதினால், அகராதி குறை சொல்லாது; ஆசிரியரே சொல்வார்.

நிற்க. மாற்றங்களை அனுப்புவோர்க்கான கெர்னல் வழிகாட்டியில், அற்பமானவை என்னும் பொருளில் ஒரு வகை நெடுங்காலம் இருந்தது. ஏடுகளின் எழுத்துத் திருத்தமும், தேடலைக் கெடுக்கும் பிழையின் திருத்தமும் அதில் தனித்தனியே எண்ணப்பட்டன. இரண்டும் வேறு என்று உணர்ந்தவர்கள், இரண்டையும் ஒரே கூடையில் இட்டது ஏனோ?

எனினும் குறை முழுவதும் அவர்களுடையதன்று. ஒவ்வொரு மாற்றத்தோடும் செய்தவர் பெயர் பதிவாகிறது. அப்பதிவை நாடி, பட்டியல் காட்டிய ஓரிரு எழுத்துகளை மட்டும் மாற்றியனுப்புவோரும் உளர். அவ்வளவையும் பொறுப்பாளர் படித்தே ஏற்க வேண்டும். பிழைக்கு அருகிலுள்ள வரியையும் படியாதவர் திருத்துபவர் ஆகார்; பொறுக்குபவரே ஆவர்.

திருத்தத்தை எண்ணிக்கையால் அளப்பதும் தவறு. அற்பமென ஒதுக்குவதும் தவறு. ஏட்டை முழுதும் படித்து, அது கூறும் முறையை நிரலோடு ஒப்பிட்டு, மாற்றத்தக்கது இது, மாற்றலாகாதது இது எனத் தேர்ந்து செய்யும் திருத்தமே திருத்தம். அதனைச் செய்பவர் எழுதியவருக்கு இளைத்தவரல்லர். எச்சரிக்கையில் தவறிய ஓர் எழுத்தை அவர் மீட்டதனால், எங்கோ ஒருவருடைய கோப்புகள் அழியாது நிற்கின்றன. அவர் பெயரைக் கோப்புக்கு உரியவர் அறியார்.