சாட்சிக் கூண்டில் நிற்பவர்

தமிழ் நாவல் நடை பழகிய காலத்திலேயே திருகோணமலை அதில் பங்கெடுத்துவிட்டது. எஸ். இன்னாசித்தம்பியின் ‘ஊசோன் பாலந்தை கதை’ வெளிவந்தது 1891இல். நான்கு ஆண்டுகள் கழித்து, 1895இல், தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் ‘மோகனாங்கி’ வந்தது. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று அதைச் சொல்வது வழக்கம். எழுதியவர்கள் இருவருமே திருகோணமலைக்காரர்கள். ஆனால் முன்னது ஐரோப்பியப் பழங்கதையின் தழுவல். பின்னது நாயக்கர் காலத் தமிழகத்துக்குப் போய்விட்டது. கொட்டியார் குடாவும் கோட்டையும் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும் இரண்டிலும் இல்லை. சரவணமுத்துப்பிள்ளைக்குத் துணிவு இல்லாமல் இல்லை. பெண்களைக் கல்வியின்றி அடைத்துவைத்த வழக்கத்தைச் சாடி ‘தத்தை விடு தூது’ பாடியவர் அவர். அந்தத் துணிவு கவிதையில் இருந்தது. நாவலுக்குள் வர இன்னும் காலம் வேண்டியிருந்தது.

அநீதியை எழுதிய ஈழ நாவல்கள் இன்று நிறையவே இருக்கின்றன. அவற்றை அடுத்தடுத்துப் படித்தபோது எனக்கு ஒரே கேள்விதான் மிஞ்சியது: அநீதி நடக்கும் இடத்தில் எழுந்து நிற்பவர் யார், அவர் யாருக்கு எதிராக நிற்கிறார்?

இந்தக் கேள்வியை உலகமே அறிந்த வடிவில் வைத்தது ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’. 1960இல் வெளிவந்து மறு ஆண்டே புலிட்சர் பரிசு பெற்றது. களம் 1930களின் அலபாமா. அதே மாநிலத்தில் 1931இல் ஒன்பது கறுப்பின இளைஞர்கள் மீது சுமத்தப்பட்ட ஸ்காட்ஸ்பரோ பொய்வழக்கை அறிந்தவர்களுக்குக் கதை புதிதாக இராது. டொம் ரொபின்சன் என்ற கறுப்பின உழைப்பாளி செய்யாத குற்றத்துக்குக் கூண்டில் நிற்கிறான். அவனுடைய இடக்கை விளங்காது. சுமத்தப்பட்ட குற்றத்தை அந்தக் கையால் செய்திருக்கவே முடியாது. வெள்ளையர்கள் மட்டுமே இருந்த ஜூரி அதைக் கண்ணால் கண்ட பிறகும் குற்றவாளி என்றே சொல்கிறது. வழக்கறிஞர் அட்டிகஸ் பிஞ்ச் தோற்றுப்போகிறார். தோற்பது உறுதி என்று தெரிந்தே வழக்கை எடுத்தவர் அவர். அவர் நின்றது அந்நியரை எதிர்த்து இல்லை. தினமும் தெருவில் வணக்கம் சொல்லும் சொந்த ஊராரை எதிர்த்து. சிறைச்சாலை வாசலில் இரவு முழுக்க ஒற்றை விளக்கோடு உட்கார்ந்திருக்கும் அவரைத் தேடி வருகிற கும்பலில் அவருக்குத் தெரிந்த முகங்களே இருக்கின்றன.

அந்த நாவலுக்கு ஒரு குறையும் உண்டு. கறுப்பின வாசகர்கள் பலர் அதை வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்கள்: நீதிமன்றத்தில் கொஞ்ச நேரம் பேசுவதைத் தவிர டொம் ரொபின்சனுக்கு அங்கே குரல் இல்லை. துணிவெல்லாம் வெள்ளை வழக்கறிஞருக்கு. பட்டவனுக்குப் பரிதாபம் மட்டும். திருகோணமலையிலிருந்து படிக்கும் எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது. இங்கே அட்டிகஸ்கள் குறைவு. எழுந்து நின்றவர்கள் பெரும்பாலும் கூண்டில் ஏறிய சாட்சிகள்தான்.

நம் நாவல்களுக்கு வருவோம். இந்த மாவட்டத்து மண்ணைப் புனைகதைக்குள் உறுதியாகக் கொண்டுவந்தவர் மூதூரின் வ. அ. இராசரத்தினம். ‘தோணி’ என்ற சிறுகதையாலேயே அவரை அறிந்தவர்கள் அதிகம். ‘கொழுகொம்பு’ (1959) நாவலும் அவருடையது. கடலோரத்து மனிதர்களின் வறுமையை அவர் அளவுக்கு நெருங்கிப் பார்த்தவர் இங்கே வேறொருவர் இல்லை. நா. பாலேஸ்வரியின் குடும்ப நாவல்களும் அருள் சுப்பிரமணியத்தின் ‘அவர்களுக்கு வயது வந்துவிட்டது’ம் அடுத்து வந்தன.

இனக்கலவரம் நாவலின் நடுவுக்கு வந்தது 1977க்குப் பிறகு. அருளரின் ‘லங்கா ராணி’ கொழும்பிலிருந்து அகதிகளை ஏற்றி வடக்கே போன கப்பலின் கதை. கப்பலில் நடக்கும் பேச்சுகளே நாவல். கோபத்தையும் அவமானத்தையும் அப்படியே பதிந்த ஆவணமாக அதற்கு இன்றும் மதிப்பு உண்டு. ஆனால் அந்தப் பேச்சு முழுவதும் அடிபட்டவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது. கப்பலுக்கு வெளியே நிற்பவரோடு அது பேசவில்லை.

வெளியே நிற்பவரோடு பேசும் வாசலைத் திறந்தவர் அ. சிவானந்தன். 1958 கலவரத்துக்குப் பிறகு நாட்டைவிட்டு லண்டன் போனவர், அங்கே இறங்கிய அதே ஆண்டில் நொட்டிங் ஹில்லில் கறுப்பின மக்கள் மீது வெள்ளையர் நடத்திய தாக்குதலைக் கண்டார். பின்னர் அங்குள்ள இன உறவுகள் நிறுவனத்தின் இயக்குநரானார். 1997இல் அவர் ஆங்கிலத்தில் எழுதிய ‘வென் மெமரி டைஸ்’ மூன்று தலைமுறைக் கதை. அதில் சிங்களத் தந்தைக்குப் பிறந்து தமிழரால் வளர்க்கப்பட்ட விஜய் என்ற பாத்திரம் உண்டு. எந்தப் பக்கமும் முழுதாகச் சேர முடியாத அவனிடம்தான் நான் தேடும் துணிவின் சாயலைக் கண்டேன். நியாயம் எந்தப் பக்கம் என்பதைப் பிறப்பு அவனுக்குச் சொல்லித்தரவில்லை. ஒவ்வொரு முறையும் அவனே முடிவு செய்ய வேண்டியிருந்தது.

சொந்தப் பக்கத்தை எதிர்த்து எழுதிய தமிழ் நாவல் என்றால் முதலில் சொல்ல வேண்டியது கோவிந்தனின் ‘புதியதோர் உலகம்’ (1985). விடுதலை இயக்கம் ஒன்றுக்குள் இருந்து, அதன் முகாம்களில் நடந்த சித்திரவதைகளையும் கொலைகளையும் கண்டு வெளியேறியவர் அவர். வெளியேறிய கையோடு எழுதினார். கலைநயம் குறைவு என்பார்கள். சில இடங்களில் எனக்கும் அப்படித் தோன்றியது. ஆனாலும் ஈழ நாவலில் அட்டிகஸின் இடத்துக்கு மிக அருகில் போனது அந்தப் புத்தகம்தான் என்பது என் முடிவு. அதை எழுதியவர் 1991இல் விடுதலைப் புலிகளால் பிடிக்கப்பட்டார், திரும்பி வரவில்லை.

ஷோபாசக்தியின் ‘ம்’ (2004) இன்னும் கொடிய இடத்துக்கு நம்மைக் கூட்டிப்போகிறது. 1983 ஜூலை 25இலும் 27இலும் வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். அதில் தப்பியவன் அந்த நாவலின் நாயகன். பிறரைக் காட்டிக்கொடுத்தவனும் அவனே. பின்னாளில் தன் வீட்டுக்குள்ளேயே கொடுமை செய்பவனும் அவனே. பாதிக்கப்பட்டவன் அதனாலேயே தூயவன் ஆகிவிடுவதில்லை என்பதை இவ்வளவு கூசாமல் சொன்ன தமிழ் நாவல் வேறு இல்லை. சயந்தனின் ‘ஆதிரை’ (2015) மலையகத்திலிருந்து அடித்து விரட்டப்பட்டு வன்னிக்கு வந்தவர்களை எழுதியது. தமிழருக்குள் தமிழரே காட்டிய பாரபட்சத்தை அது மூடி மறைக்கவில்லை. விமல் குழந்தைவேலின் ‘கசகறணம்’ (2011) அக்கரைப்பற்றில் தமிழரும் முஸ்லிம்களும் பகைவரான கதையைக் கிழக்கின் பேச்சு மொழியிலேயே சொல்கிறது. திருகோணமலை தந்த தமிழ்நதியின் ‘பார்த்தீனியம்’ (2016) இந்திய அமைதிப்படைக் காலத்தின் கதை.

இத்தனைக்கும் பிறகு ஒரு வெற்றிடம் தெரிகிறது. மூன்று இனமும் ஒரே சந்தையில் மீன் வாங்கும் இந்தத் துறைமுகத்தில் நடந்ததை வைத்து, சாட்சி சொன்னவரை நடுவில் நிறுத்திய பெரிய நாவல் ஒன்றை நான் இன்னும் படிக்கவில்லை. கதைக்கா பஞ்சம்?

2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, திருகோணமலைக் கடற்கரையில், காந்தி சிலைக்குப் பக்கத்தில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கைக்குண்டு வெடித்துச் செத்தார்கள் என்று முதலில் சொல்லப்பட்டது. பத்திரிகையாளர் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் உடல்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருந்ததைக் காட்டின. படங்கள் ‘சுடர் ஒளி’யில் வந்தன. மூன்று வாரம் கழித்து, ஜனவரி 24ஆம் திகதி காலை, வேலைக்குப் போகும் வழியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். இறந்த மாணவர்களில் ஒருவரின் தந்தையான வைத்தியர் மனோகரன் நாட்டைவிட்டுப் போக நேர்ந்தது. போன இடத்திலிருந்தும் ஜெனீவா வரை அவர் சாட்சி சொல்வதை நிறுத்தவில்லை. 2019 ஜூலையில், போதிய சாட்சியம் இல்லை என்று சந்தேகநபர்கள் 13 பேரையும் திருகோணமலை நீதவான் நீதிமன்றம் விடுவித்தது. சாட்சிகள் ஏன் வரவில்லை என்று இந்த ஊரில் யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

அதே 2006 ஆகஸ்டில் மூதூரில் தொண்டு நிறுவனப் பணியாளர்கள் 17 பேர் தங்கள் அலுவலக வளவுக்குள்ளேயே கொல்லப்பட்டார்கள். அப்போது அங்கே நடந்த சண்டையில் மூதூர் முஸ்லிம்கள் உடுத்த உடையோடு கந்தளாய்க்கு ஓடினார்கள். சம்பூர்த் தமிழர் அந்த ஆண்டு விட்டுப் போன வீடுகளுக்குத் திரும்பப் பத்து ஆண்டுகள் காத்திருந்தார்கள். ஒரு குடாவின் கரையில் இத்தனையும் நடந்திருக்க, ஒரு சமூகத்தின் கண்ணீரை மட்டும் எழுதினால் அது அரை உண்மைதான். தமிழர் எழுதும் நாவலில் மூதூர் முஸ்லிம் தாய் ஒருத்தி முழு மனுஷியாக வந்து பேச வேண்டும். அப்படி எழுத நம்மவர்களிடமே ஏச்சு வாங்க வேண்டிவரும். வாங்கத்தான் வேண்டும்.

கடைசியாகக் குமாரபுரம். கிளிவெட்டிக்கு அருகில் உள்ள சிறு ஊர். 1996 பெப்ரவரி 11ஆம் திகதி அங்கே பெண்களும் குழந்தைகளும் உட்பட 24 பேர் கொல்லப்பட்டார்கள். வழக்கு இருபது ஆண்டுகள் இழுபட்டு, திருகோணமலையில் இல்லாமல் அநுராதபுரம் மேல் நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டது. உயிர் தப்பியவர்கள் அங்கே போய், முன்னாள் இராணுவத்தினரின் முகத்துக்கு நேரே அடையாளம் காட்டினார்கள். 2016 ஜூலையில் ஜூரி அவர்களைக் குற்றமற்றவர்கள் என்றது. அலபாமாவின் தீர்ப்பைப் புத்தகத்தில் படித்து அழுத நம்மில் எத்தனை பேருக்கு இந்தத் தீர்ப்பின் திகதி தெரியும்?

அந்தச் சாட்சிகளுக்கு இப்போது வயதாகிறது. திருகோணமலையில் எழுத வந்திருக்கும் இளையவர்களே, நாவலுக்குக் களம் தேடிக் காலத்தைக் கடத்தாதீர்கள். கிளிவெட்டிக்கு பஸ் ஏறுங்கள். அவர்கள் சம்மதித்தால் உட்கார்ந்து கேளுங்கள்.