வலியை நிரூபிக்கும் வேலை

ஜெனிஃபர் பிரேயா இயக்கிய ‘அன்ரெஸ்ட்’ ஆவணப்படம் 2017-இல் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டுச் சிறப்பு நடுவர் விருது பெற்றது. ஹார்வர்டில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த அவருக்கு 2011-இல் கடும் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, உடம்பு தேறவில்லை. நரம்பியல் மருத்துவர் ஒருவர் ‘கன்வர்ஷன் டிஸார்டர்’ என்றார். ஹிஸ்டீரியா என்ற பழைய பட்டத்தின் புதுப்பெயர் அது. உண்மையில் அவருக்கு இருந்தது எம்.இ. என்னும் நாள்பட்ட நோய். கொஞ்சம் உழைத்தாலும் நாள்கணக்கில் உடம்பைச் சாய்த்துவிடும்.

இந்த நோய்க்கும் அந்தப் பட்டத்துக்கும் உள்ள உறவு பழையது. 1955-இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையின் ஊழியர்கள் இருநூறுக்கும் மேற்பட்டோர் இதைப் போன்ற நோயில் விழுந்தார்கள். 1970-இல் இரண்டு மனநல மருத்துவர்கள், அவர்களில் ஒருவரையும் நேரில் பரிசோதிக்காமல், பழைய குறிப்புகளைப் படித்தே அது கூட்டு ஹிஸ்டீரியா என்று எழுதினார்கள். அதற்கு அவர்கள் காட்டிய காரணங்களில் ஒன்று, பாதிக்கப்பட்டவர்களில் பெண்கள் அதிகம் என்பது!

பிரேயாவின் படம் இதற்கான பதில். தரையில் கிடந்து தவிப்பதைத் தானே கைபேசியில் பதிவு செய்கிறார். படுக்கையில் இருந்தபடியே ஸ்கைப் வழியாகப் பல நாட்டு நோயாளிகளிடம் பேசுகிறார். 2015-இல் ‘எம்இ ஆக்‌ஷன்’ என்ற அமைப்பையும் இணைந்து தொடங்கினார். எழுந்து நடமாட முடியாதவரும் ஓர் இயக்கத்தை நடத்தலாம் என்று காட்டியதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இந்தப் படத்தை வகுப்பில் திரையிட்டபோது ஒரு மாணவி கேட்டார்: “இவங்க ஹார்வர்ட்ல படிக்காம இருந்திருந்தா நாம நம்பியிருப்போமா, மேடம்?”

என் விமர்சனமும் அங்கேதான் இருக்கிறது. கதை சொல்லச் சொல்லும் அமைப்புகள் தெரியாமலே ஒரு தேர்வு வைக்கின்றன. நன்றாகப் பேசுகிறவள், கேமரா முன் அழத் தெரிந்தவள், பக்கத்தில் அன்பான கணவன் இருப்பவள் தேறிவிடுகிறாள். மற்றவள் மருத்துவரிடம் தோற்றதுபோல் இங்கேயும் தோற்கிறாள். எம்.இ. நோயாளிக்கோ பேசுவதே உழைப்பு. ஒரு மணி நேர நேர்காணலுக்குப் பல நாள் படுக்கையில் விலை கொடுப்பவர்கள் உண்டு. மருத்துவர் கேட்ட நிரூபணத்தையே நாமும் அன்பாகக் கேட்டால் என்ன மாறியது?

இந்த அமைப்பே 2016-இல் வேறொரு வழியையும் காட்டியது. ‘மில்லியன்ஸ் மிஸ்ஸிங்’ போராட்டத்தில் வர முடியாதவர்களின் காலணிகளைப் பொதுவெளியில் வரிசையாக வைத்தார்கள். யாரும் கேமரா முன் துடிக்கத் தேவையிருக்கவில்லை.

இன்னொன்றும் அதே ஆண்டில் நடந்தது. படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டினால் இந்த நோய் குறையும் என்று 2011-இல் ‘லான்செட்’ இதழில் ஓர் ஆய்வு வந்திருந்தது. அதன் மூலத் தரவுகளைக் கேட்டு ஓர் ஆஸ்திரேலிய நோயாளி விண்ணப்பித்தார். வெளியிட வேண்டும் என்று 2016-இல் பிரிட்டிஷ் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. நோயாளிகளும் ஆய்வாளர்களும் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தபோது, குணமானவர்கள் என்று சொல்லப்பட்ட எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. 2021-இல் பிரிட்டனின் ‘நைஸ்’ வழிகாட்டுதல் அந்தச் சிகிச்சையைக் கைவிட்டது. நோயாளிகள் பல ஆண்டுகளாக எழுப்பிய கேள்விகளுக்கு அதில் பங்குண்டு.

படத்தை அவசியம் பாருங்கள். கூடவே இந்தக் கணக்கு வழக்கையும் படியுங்கள். நோயுற்ற பெண்ணிடம் கண்ணீர்க் கதையை மட்டும் கேட்கும் அமைப்பு அவளைச் சாட்சிக் கூண்டிலேயே நிறுத்தி வைக்கிறது. ஆய்வறிக்கையை அவள் கையில் கொடுத்து, “இதில் என்ன தப்பு?” என்று கேட்கும் அமைப்புகளே நமக்குத் தேவை.