‘கிளாஸ்’ என்னும் சொல்: வர்க்கம், வகுப்பு, செவ்வியல்

ஆங்கிலத்தில் நாள்தோறும் வழங்கும் சொற்களுள் ‘கிளாஸ்’ என்பதைப் போன்று பொருட்சுமை மிக்கவை சிலவே. மாணவன் அமர்ந்திருக்கும் அறையும், அவன் ஈற்றிற் பெறும் பட்டத்தின் சித்தித்தரமும், புகையிரதப் பெட்டியின் படிநிலையும், விலங்கியலில் முலையூட்டிகள் அனைத்தையும் அடக்கும் பாகுபாடும், உற்பத்தியுறவிலே மனிதர் வகிக்கும் இடமும் இவ்வொரு சொல்லாலேயே சுட்டப்படுகின்றன. இவற்றைத் தற்செயலாக ஒன்றுசேர்ந்த பொருள்களாகக் கொண்டு எண்ணிட்டு அடுக்குவது அகராதியின் பணி. இலக்கியத் திறனாய்வாளன் அவ்வளவில் அமைதல் இயலாது. அவன் கையாளும் மதிப்பீட்டுச் சொற்களுள் தலையாயதான ‘கிளாசிக்’ என்பதும் இதே வேரிலிருந்து கிளைத்ததாகும். தமிழிலே அதனைச் ‘செவ்வியல்’ என நாம் பெயர்த்துக்கொண்டதோடு அவ்வேர் நமது பார்வையிலிருந்து மறைந்துவிட்டது. இக்கட்டுரை முதன்மையாக அம்மறைவு பற்றியது.

‘கிளாசிஸ்’ என்னும் இலத்தீன் மூலச்சொல் வரிவிதிப்போடும் படைத்திரட்டலோடும் தொடர்புடையது. உரோமின் ஆறாவது அரசனென மரபு கூறும் சேர்வியஸ் துல்லியஸ், குடிமக்களை அவர்தம் சொத்தின் அளவுக்கேற்ப ஐந்து பகுப்பினராக வகுத்தான் என்பர். அப்பகுப்பின் பெயரே ‘கிளாசிஸ்’. இவ்வைந்துக்கும் கீழே, அரசுக்கு அளிப்பதற்குத் தம் பிள்ளைகளையன்றி வேறெதுவும் இல்லாதோர் ‘புரோலெத்தாரி’ எனப்பட்டனர். முதலாம் பகுப்பினரை மாத்திரம் ‘கிளாசிக்கஸ்’ என அழைத்து, ஏனையோரைப் பகுப்புக்குக் கீழ்ப்பட்டோராகக் கருதும் வழக்கும் இருந்தது. கி. பி. இரண்டாம் நூற்றாண்டினரான அவுலஸ் கெல்லியஸ் தமது தொகைநூலில் இச்சொற்களை இலக்கியத்துக்குக் கொணர்கின்றார். ‘மணல்’ என்னும் சொல்லைப் பன்மையில் வழங்கலாமா என்பது போன்ற இலக்கண ஐயங்களைத் தீர்ப்பதற்கு எவரை நாடுவது என்னும் வினாவுக்கு, ‘கிளாசிக்கஸ்’ ஆன எழுத்தாளனையே நாடவேண்டும், ‘புரோலெத்தாரியஸ்’ ஆனவனையன்று என ஃபுரொண்டோ விடையிறுப்பதாக அவர் எழுதியுள்ளார். வரிப்பதிவேட்டின் சொல் இலக்கிய மதிப்பீட்டின் சொல்லாக மாறிய இடம் இதுவாகும். ஜேர்மனிய அறிஞரான ஏர்ண்ஸ்ட் றொபேட் குர்த்தியஸ் 1948இல் வெளியிட்ட நூலில் இதனைச் சுட்டிவிட்டு, மார்க்சிய இலக்கியச் சமூகவியலாருக்கு இஃது ஒரு சுவையான பண்டமாகும் என்ற பொருள்பட ஏளனத்தொனியில் எழுதிச் செல்கின்றார். ஏளனமாயினும் அழைப்பு அழைப்பே.

ஆங்கிலத்திற் ‘கிளாஸ்’ நெடுங்காலம் பள்ளிக்கூடத்துச் சொல்லாகவே பெரிதும் இருந்தது. 1656இல் அகராதி தொகுத்த தோமஸ் புளௌன்ட், மக்களைப் படிநிலைப்படி பகுத்தல் என்னும் பொருளையுங் கூறி, பள்ளிகளிலேயே அது மிகுதியாக வழங்குவதாகக் குறித்துள்ளார். சமூகப் பாகுபாட்டைச் சுட்ட வேறு சொற்கள் அப்போதிருந்தன. அவை பிறப்பால் அமைந்த நிலையை உணர்த்தின. ஏறத்தாழ 1770க்கும் 1840க்கும் இடையிலேதான், கைத்தொழிற் புரட்சியின் காலத்திலே, ‘கிளாஸ்’ தன் இன்றைய சமூகப் பொருளை நிலையாகப் பெற்றது என்பதை றேமண்ட் வில்லியம்ஸ் 1976இல் வெளிவந்த ‘கீவேர்ட்ஸ்’ என்னும் நூலில் நிறுவியுள்ளார். பிறப்பினால் வந்ததன்று, ஆக்கப்பட்டது என்னும் உணர்வு சமூகத்தைப் பற்றி எழுந்தபோது பழைய சொற்கள் போதாவாயின.

இவ்விடத்தில் வில்லியம்ஸ் காட்டும் முரண்பாடொன்று நமக்கும் பயனுடையது. ‘நடு’ என்பது மேலும் கீழும் இருப்பதை வேண்டிநிற்கும் படிநிலைச் சொல். ‘உழைக்கும்’ என்பதோ செயலைக் குறிப்பது. அதற்கு எதிர்ச்சொல் வேண்டுமாயின் ‘உழைக்காத’ என்றே அமைதல் வேண்டும். இருவேறு அளவுகோல்களால் அமைந்த இப்பெயர்கள் ஒரே வரிசையில் நிறுத்தப்பட்டன. தமிழில் இம்முரண்பாடு இன்னும் வெளிப்படையாகத் தெரிகின்றது. ‘மத்தியதர வர்க்கம்’ என்கையில் நாம் ‘தரம்’ என்னும் சொல்லை அறியாமலே உள்ளே நுழைத்துவிடுகின்றோம். ‘தொழிலாளி வர்க்கம்’ என்பதில் தரம் இல்லை, தொழிலே உண்டு. நமது விமர்சகர் பலர் சிறுகதையொன்றின் பாத்திரத்தை ‘மத்தியதர வர்க்கத்தவர்’ என எழுதும்போது அவர் எண்ணத்திலிருப்பது வீட்டின் அமைப்பும் உடையும் பேச்சுமேயன்றி உற்பத்தியுறவன்று.

மார்க்சுக்கும் இச்சொல் எளிதாக இருக்கவில்லை. வர்க்கங்களைக் கண்டுபிடித்தவர் தாமல்லர், முதலாளித்துவ வரலாற்றாசிரியர்கள் தமக்கு முன்னரே அதனைச் செய்துவிட்டனர் என 1852இல் வைடமையருக்கு எழுதினார். அவ்வாண்டில் வெளிவந்த லூயி பொனபாட் பற்றிய நூலிலே, பிரான்சின் சிறு விவசாயிகள் வாழ்நிலையால் ஒரு வர்க்கமாகவும், தமக்குள் இணைப்பும் அரசியல் அமைப்பும் இன்மையால் வர்க்கமல்லாமலும் இருப்பதை விளக்கினார். ‘மூலதனம்’ மூன்றாம் தொகுதியில் வர்க்கங்கள் என்னும் இறுதி அதிகாரம் தொடங்கிச் சிறிது தூரத்திலேயே முறிந்துவிடுகின்றது. 1894இல் ஏங்கல்ஸ் அதனை அவ்வாறே பதிப்பித்தார். 1963இல் ஈ. பி. தொம்சன், வர்க்கம் ஒரு பொருளன்று, மனிதருறவில் நிகழும் ஒன்று என வாதிட்டமை இம்முறிவிலிருந்து தொடர்ந்த விவாதங்களின் ஒரு கட்டமே.

தமிழ் மொழிபெயர்ப்பாளர் இச்சொல்லைக் கூறுபோட்டுக் கொண்டனர். ‘வகுப்பு’ பள்ளிக்கும் புகையிரதத்துக்கும் உயிரியலுக்கும் உரியதாயிற்று. ஆயின் அதே ‘வகுப்பு’ சாதி, சமயப் பிரிவுகளையும் சுட்டியது. சென்னை மாகாணத்தில் நடைமுறையிலிருந்து 1951இல் இந்திய உச்ச நீதிமன்றத் தீர்ப்பினாற் செல்லாதாகிய ஆணை ‘வகுப்புவாரி’ ஆணை என்றே பெயர்பெற்றது. ‘வகுப்புவாதம்’ என்பது இங்கும் அங்கும் இன, மத வெறியைக் குறித்தது. ஆதலாற்றான் பொதுவுடைமையாளர் ‘வர்க்கம்’ என்னும் வடசொல்லைத் தேர்ந்தனர் போலும். அச்சொல் நமக்கு எழுத்தினத்தையும், ‘வருக்கக்கோவை’ போன்ற சிற்றிலக்கியத்தையும், கணிதத்திலே எண்ணைத் தன்னாற் பெருக்கிவரும் தொகையையும் குறிப்பதாகப் பழகியது. வர்க்கமூலம் கற்ற மாணவனுக்கு வர்க்கப் போராட்டம் புதிராகத் தோன்றியிருப்பின் வியப்பில்லை. இப்பிரிவினையால் ஒரு நன்மை விளைந்தது: சாதியும் வர்க்கமும் வேறென்பது சொல்லளவிலேயே தெளிவாயிற்று. தீமையும் விளைந்தது. சாதியை உற்பத்தியுறவோடு சேர்த்து நோக்கவேண்டிய யாழ்ப்பாணச் சமூகத்திலே, இரண்டும் வேறு வேறு அலுமாரிகளில் வைத்துப் பூட்டப்பட்டன.

எனினும் மிகப் பெரிய இழப்பு ‘செவ்வியல்’ என்னும் பெயர்ப்பில் நேர்ந்தது எனலாம். செம்மை என்பது நேர்மை, ஒழுங்கு, அழகு ஆகியவற்றின் சாயலுடையது. அச்செம்மையை வரையறுத்தோர் யார் என்னும் வினாவை அது எழவிடாது. அவ்வினாவோ நமது மரபுக்கு அந்நியமானதன்று. தொல்காப்பிய மரபியல் வழக்கென்பதை உயர்ந்தோரிடத்து வைத்தது. ஃபுரொண்டோவின் விடையும் ஏறக்குறைய இதுவே. அகத்திணையியலிலே அடியோரும் வினைவலரும் ஐந்திணைக்குப் புறத்தே, கைக்கிளை பெருந்திணைகளுக்கே உரியரென உரையாசிரியர் பொருள்கொண்டனர். பிறர் ஏவலிற் காலங்கழிப்போருக்கு அன்பின் ஐந்திணை ஒழுக்கம் அமையாதாம்! ஓய்வு ஓர் இலக்கியத் தகுதியாக இதனைவிடத் தெளிவாகக் கூறப்பட்ட இடம் வேறெங்கும் உளதோ அறியேன்.

பேராசிரியர் கைலாசபதி 1968இல் ஒக்ஸ்ஃபோட்டில் வெளியிட்ட ஆய்வில் சங்கச் செய்யுளை வீரயுகப் பாடலாகக் கொண்டு, பாணரின் வாய்மொழி மரபைக் கிரேக்க மரபோடு ஒப்பிட்டமையை இப்பின்னணியில் நோக்குதல் வேண்டும். மதிப்பீட்டுச் சொல்லொன்றின் இடத்திலே சமுதாய நிலையைச் சுட்டும் சொல்லொன்றை அவர் வைத்தார். அவர் முடிபுகள் அனைத்தையும் நாம் ஏற்கவேண்டியதில்லை. ஆயின் 2004இல் இந்திய நடுவண் அரசு தமிழைச் செம்மொழியாக அறிவித்ததன் பின்னர் எழுந்த கொண்டாட்ட நூல்கள் பலவற்றில் அவ்வினாவே காணாமற் போனமை கவலைக்குரியது. தொன்மை எத்தனை ஆண்டு என்னும் கணக்கே ஆய்வாகிவிட்டது.

தோற்றத்தைக் காட்டுவதனால் ஒரு படைப்பின் தகுதி குறைந்துவிடுமா என்று சிலர் வினவுவர். குறையாது. கிரேக்கக் கலை அதன் சமுதாய அடித்தளம் அழிந்த பின்னரும் இன்பந் தருவது எவ்வாறு என 1857இல் வினவியவர் மார்க்சே. மனிதகுலத்தின் குழந்தைப் பருவம் என்ற அவரது விடை போதுமானதன்று என்பது என் கருத்து. வினாவோ இன்னும் உயிருடன் உள்ளது. மாறாக, ரீ. எஸ். எலியட் 1944இல் நிகழ்த்திய பேருரையிற் ‘கிளாசிக்’ என்பதை முதிர்ச்சியென விளக்கி வேர்ஜிலிடம் சென்றடைந்தபோது, அம்முதிர்ச்சியின் செலவை ஏற்றவர் எவர் என்பது பேசப்படாமலே போயிற்று.

இன்று தமிழகத் திரைப்படப் பேச்சிலே ‘கிளாஸ்’ படமென்றும் ‘மாஸ்’ படமென்றும் பாகுபாடு செய்யப்படுகின்றது. கெல்லியசை அறியாதோர் வாயிலே கெல்லியசின் பாகுபாடு! ஈழத்தில் அதற்கு இன்னும் கூரிய உதாரணம் உண்டு. 1960களின் முற்பகுதியில் எழுந்த மரபு விவாதத்திலே, டொமினிக் ஜீவா, கே. டானியல் முதலியோர் பேச்சுத்தமிழை எழுத்திற் கையாண்டமை ‘இழிசனர் வழக்கு’ எனப் பண்டிதராற் பழிக்கப்பட்டது. மொழித்தூய்மை பற்றிய விவாதமாக அது நடைபெற்றது. உண்மையில் எவர் எழுதலாம் என்பதே பொருள். டானியலின் ‘பஞ்சமர்’ நாவலை இன்றைய விமர்சகர் ஒருவர் ‘ஈழத்துச் செவ்வியல்’ எனப் போற்றுவாராயின், அவர் அந்நாவலுக்குப் பழைய முதலாம் பகுப்பில் ஓர் இருக்கை வழங்குகின்றாரா, அன்றி அப்பகுப்பையே கேள்விக்குள்ளாக்குகின்றாரா என்பதை அவரிடம் நாம் கேட்டே ஆகவேண்டும்.