எப்பலேந்துன்னு போட்டிருக்கா?

நாலாம் மாதக் கர்ப்பத்தில் இருந்த பக்கத்து வீட்டுப் பெண் ரத்தப் பரிசோதனைச் சீட்டை என்னிடம் நீட்டி, "அக்கா, இதுல எப்பலேந்துன்னு போட்டிருக்கா?" என்று கேட்டாள். தஞ்சாவூருக்குக் கிழக்கே வெட்டாற்றங்கரைக் கிராமம் எங்களுடையது. சீட்டில் 'விடிஆர்எல் ரியாக்டிவ்' என்று சிவப்பு மையில் எழுதி இரட்டைக் கோடு போட்டிருந்தார்கள். சிபிலிஸ் இருக்கலாம், உறுதிசெய்ய வேண்டும் என்பது அதன் பொருள். எப்போதிலிருந்து என்று எங்கும் இல்லை. இருந்த ஒரே தேதி ரத்தம் எடுத்த தேதி. அவள் மாமியாருக்கு அது போதுமாக இருந்தது. "மொத இவளுக்குத்தானே வந்திருக்கு" என்றார்.

நான் மருத்துவர் அல்ல. கல்லூரியில் தமிழ் சொல்லித் தருபவள். ஒரு பிரதியில் எது எழுதப்பட்டிருக்கிறது, எது எழுதாமல் விடப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது என் வேலை. அந்தப் பழக்கத்தில்தான் உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டைத் தேடிப் படித்தேன். அதன் பத்தாம் பதிப்பில் ஏ50 முதல் ஏ64 வரை "பெரும்பாலும் பாலுறவு வழியே பரவும் தொற்றுகள்". அந்தப் "பெரும்பாலும்" எனக்குப் பிடித்தது. நம் ஊர்ப் பேச்சில் அந்தச் சொல்லுக்கு இடமே கிடையாது.

நம் ஊர்ப் பேச்சில் இந்த நோய்க்குப் பெயர் "பொம்பளை சீக்கு". மேகம், வெட்டை என்று வைத்தியர்கள் சொன்ன பெயர்களும் உண்டு. ஆனால் டீக்கடையில் வழங்குவது இதுதான். ஆணுக்கு வந்தாலும் அது பொம்பளை சீக்குதான். பெயரிலேயே தீர்ப்பு முடிந்துவிடுகிறது. அதோடு ஒப்பிட்டால் ஏ51, ஏ52 என்ற எழுத்தும் எண்ணும் எவ்வளவோ மேல். குறியீடு என்றாலே உயிரற்றது, பெண்ணை எண்ணாக்குவது என்று நாம் எழுதி வந்திருக்கிறோம், நானும் எழுதியிருக்கிறேன். இந்த இடத்தில் அது சரியில்லை.

சிபிலிஸுக்குள் வகைப்பாடு காலத்தைப் பிரிக்கிறது. தொற்றி இரண்டு ஆண்டுக்குள் என்றால் ஏ51, ஆரம்ப நிலை. அதற்கு மேல் என்றால் ஏ52, பிந்திய நிலை. உடலில் புண்ணோ தடிப்போ இல்லாமல், ரத்தத்தில் மட்டும் தெரிந்து, காலமும் தெரியாதபோது ஏ53.0: மறைந்திருக்கும் சிபிலிஸ், ஆரம்ப நிலையா பிந்திய நிலையா என்று குறிப்பிடப்படாதது. என் பக்கத்து வீட்டுப் பெண்ணின் கேள்விக்கு நேரான பதில் இதுதான். எப்போதிலிருந்து என்று இந்தச் சோதனை சொல்லாது. யாரிடமிருந்து யாருக்கு என்றும் சொல்லாது. விடிஆர்எல் சில சமயம் நோயில்லாமலே ரியாக்டிவ் என்று காட்டும், கர்ப்பமே அதற்கு ஒரு காரணமாகலாம் என்பதால் டிபிஹெச்ஏ என்ற இன்னொரு சோதனையும் வேண்டும். அப்படிப் பொய்யாகக் காட்டியதற்கும் வகைப்பாட்டில் தனிக் குறியீடு உண்டு: ஆர்76.2. இத்தனை நிதானம் அந்த நூலில் இருக்கிறது. சிவப்பு மைச் சீட்டில் இதில் ஒரு துளியும் இல்லை. குறியீடு எழுதுவதெல்லாம் பெரும்பாலும் உள்நோயாளி வீடு திரும்பிய பிறகு பதிவேட்டுப் பிரிவில் நடக்கிற வேலை. வீட்டுக்கு வருவது சீட்டு மட்டும்தான்.

சரி, ஏன் "மொத இவளுக்கு"? கர்ப்பம் அவளை மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறது. கர்ப்பத்தைப் பதியாமல் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித்தொகையும் கிடைக்காது. பதிந்தவுடன் எச்ஐவிக்கும் சிபிலிஸுக்கும் ரத்தம் எடுக்கிறார்கள். எடுக்கத்தான் வேண்டும், சிகிச்சை இல்லையென்றால் கரு கலையலாம், குழந்தை நோயோடு பிறக்கலாம். ஆனால் கணவனைக் கட்டாயமாக ஊசி முனைக்குக் கொண்டுவரும் மாதம் அவன் வாழ்க்கையில் ஒன்றுமில்லை. கண்டுபிடித்த வரிசையைத் தொற்றிய வரிசையாக வீடு வாசிக்கிறது. அவனுக்குச் சீட்டே இல்லாததால் அவன் சுத்தம்.

இது இன்று வந்த வாசிப்பு அல்ல. 1868இல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த தொற்றுநோய்ச் சட்டம் படைவீரர்களைக் காப்பதற்கென்று பாலியல் தொழில் செய்த பெண்களைப் பதிவேட்டில் ஏற்றியது. குறித்த நாளில் பரிசோதனைக்கு வரவைத்து, நோய் இருந்தால் லாக் ஆஸ்பத்திரியில் அடைத்தது. 1888இல்தான் அது நீங்கியது. பதிவேட்டில் வீரன் பெயருக்குக் கட்டம் இல்லை. 1986இல் சென்னையில் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவில் எச்ஐவி இருப்பதை முதலில் உறுதிசெய்தபோது, அந்த ரத்தம் காவல் இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களுடையது. அந்த ஆய்வின் மதிப்பை நான் குறைக்கவில்லை. யாரைச் சோதித்தார்களோ அவர்களிடம் கிடைத்தது. ஊர் அதை, அவர்களிடமிருந்து கிளம்பியது என்று எடுத்துக்கொண்டது.

2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்ஐவி சட்டம் இந்த ஆபத்தைப் புரிந்துகொண்டது. சொன்னால் அந்தப் பெண் அடிபடுவாள், கைவிடப்படுவாள் என்று அஞ்ச இடமிருந்தால், துணைவரிடம் சொல்லக் கூடாது என்று அதில் மருத்துவருக்கே கட்டளை இருக்கிறது. நல்ல விதி. ஆனால் அது எச்ஐவிக்கு மட்டும். வெறும் பென்சிலினில் குணமாகிற சிபிலிஸுக்கு அந்தச் சட்டத்தின் காப்பு இல்லை. எச்ஐவி முடிவைத் தனி அறையில் உட்காரவைத்துச் சொல்கிறார்கள். அவளுக்கு விடிஆர்எல் முடிவை வரிசையில் பெயர் கூப்பிட்டுத் தந்தார்கள். வாங்கியது மாமியார்.

இரண்டாவது சோதனையும் உறுதிசெய்தது. காலம் தெரியாத சிபிலிஸுக்கு வாரம் ஒன்றாக மூன்று பென்சாதின் பென்சிலின் ஊசி. ஆரம்ப நிலை என்று தெரிந்திருந்தால் ஒன்று போதும். தெரியாது என்பதை மருத்துவம் ஒத்துக்கொள்வதால்தான் மூன்று. மாமியாரிடம் நான் இதைத்தான் சொன்னேன். டாக்டருக்கே எப்போது வந்தது என்று தெரியாமல்தான் மூன்று ஊசி போடுகிறார், உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

மூன்றாம் ஊசிக்கு அவள் கணவனும் வந்தான். நர்ஸ் இரண்டு முறை சொல்லி அனுப்பியிருந்தார். அவனுக்கும் ரத்தம் எடுத்தார்கள். முடிவை அவன் கையிலேயே மடித்துக் கொடுத்தார்கள். சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். வீட்டில் யாரும் அதைக் கேட்டதாக அவள் சொல்லவில்லை.