கைதட்டல் எந்த வரிக்கு?

திருநெல்வேலி சுடலைமாடன் கோவில் தெருவிலிருந்து விமர்சகர் தி.க.சி. எழுதிய அஞ்சலட்டைகளைப் பத்திரமாக வைத்திருக்கும் எழுத்தாளர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஏதோ ஒரு சிற்றிதழில் முதல் கதை வந்திருக்கும். வீட்டில்கூட யாரும் படித்திருக்க மாட்டார்கள். அந்த நேரத்தில், கதையைப் படித்துவிட்டேன் என்று ஓர் அட்டை வந்து விழும். எழுத்தாளர் வல்லிக்கண்ணனும் ஆயுள் முழுக்க இதைச் செய்தார். இருவரும் விமர்சன நூல்களுக்காகச் சாகித்ய அகாடமி விருது பெற்றவர்கள். வல்லிக்கண்ணன் 1978இல், தி.க.சி. 2000இல். எழுத்தை எடைபோடத் தெரிந்தவர்கள்தான் தங்கள் நேரத்தை இப்படிச் செலவழித்தார்கள்.

இதற்கு எதிர்த்திசையில் வலுவான மரபு ஒன்று உண்டு. விமர்சகர் க.நா.சு. தரமான எழுத்தாளர்கள் என்று பட்டியல் போட்டார். பட்டியலில் இல்லாதவர்களின் கோபத்தைச் சம்பாதித்தார். சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய ‘எழுத்து’ இதழ், வரிவரியாகப் பிரித்துப் பார்க்கும் அலசல் விமர்சனத்தைக் கொண்டுவந்தது. அந்தக் கறார் இல்லாவிட்டால் தமிழில் நவீன இலக்கியம் பற்றிய பேச்சே வளர்ந்திருக்காது. ஆனால் கறாரைத் தாங்குவதற்கும் ஒரு பின்புலம் வேண்டும். புத்தகமே இல்லாத வீட்டிலிருந்து எழுத வந்தவருக்கு, அடுப்படி வேலை முடித்து நள்ளிரவில் எழுதும் பெண்ணுக்கு, ‘கதை தேறவில்லை’ என்ற சொல் ‘இது உனக்கான இடமில்லை’ என்றே காதில் விழும். தி.க.சி. ‘தாமரை’ இதழின் பொறுப்பில் இருந்தபோது பூமணி, பா. செயப்பிரகாசம் போன்ற கரிசல்காட்டு இளைஞர்களுக்கு அதன் பக்கங்களைத் திறந்துவிட்டார். அந்த மண்ணின் பேச்சும் பசியும் அச்சேறியதில் ஊக்குவிப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

எல்லாரையும் பாராட்டுகிறவர் என்ற குறை வல்லிக்கண்ணன்மேல் சொல்லப்பட்டதுண்டு. அந்தக் குறையை இன்றைய இலக்கியக் கூட்டங்கள்மேலும் சொல்கிறார்கள். பாராட்டு மிகுந்துவிட்டது என்பதில் எனக்கு உடன்பாடில்லை. அது இடம் தவறி விழுகிறது என்பதே என் வாதம்.

நூலக மாடியில் நடந்த மாதாந்திரக் கூட்டம் ஒன்றில் புதியவர் ஒருவர் கதை வாசித்தார். கணவன் வெளிநாட்டில் இருக்கிறான், பணம் அனுப்புவது நின்றுவிட்டது, மனைவி நோயில் இறக்கிறாள். நடுவே ஓரிடம். ரேஷன் கடையில் மிச்சமான சில்லறையை அவள் மஞ்சள்தூள் டப்பாவுக்குள் புதைத்து வைக்கிறாள். பிறகு அந்த நாணயங்களைக் கொடுக்கும்போதெல்லாம் மளிகைக்காரர் விரலை முகர்ந்து பார்க்கிறார். அந்தப் பெண்ணின் தந்திரம், மானம், வறுமை எல்லாம் அந்த ஓரிடத்தில் வந்துவிட்டன. கருத்துச் சொன்னவர்கள் எல்லாரும் முடிவைத்தான் பாராட்டினார்கள். கண் கலங்கிவிட்டது என்றார் ஒருவர். சமூகத்துக்குத் தேவையான கதை என்றார் இன்னொருவர். டப்பாவைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடுத்து அவர் கொண்டுவந்த கதையிலும் ஒரு சாவு இருந்தது. மளிகைக்காரர் போன்ற ஆள் யாரும் இல்லை. எது பாராட்டப்பட்டதோ அதை அவர் திரும்பச் செய்தார். அதில் அவர்மேல் என்ன தவறு?

கவிதையில் சேதம் இன்னும் அதிகம். கவியரங்கில் கவிஞர் ஒரு வரியை இரண்டு முறை சொல்வார். இரண்டாவது முறை கைதட்டல் எழும். பெரும்பாலும் அது பத்தியின் கடைசி வரியாக, ஒரு முரணையோ சிலேடையையோ தாங்கியதாக இருக்கும். முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கும் கல்லூரி மாணவர் அதைக் கவனிக்கிறார். பத்து வரிக் கவிதையில் ஒன்பது வரிகளும் கடைசி வரிக்கு ஏறும் படிகள் என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார். நான் பார்க்கும் புதிய கவிதைகள் பலவற்றில் கடைசி வரியை மறைத்துவிட்டுப் படித்தால் மேலே கவிதையே இருப்பதில்லை. இதைத் திறமைக் குறைவு என்று தள்ளிவிட முடியாது. கேட்பவர்கள் எந்த வரிக்குக் கை தட்டினார்களோ அந்த வரியை எழுத அந்த மாணவர் பழகிக்கொண்டார்.

அணிந்துரைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நூலின் பெயரை மாற்றிவிட்டால் வேறொரு நூலுக்கும் பொருந்தும் அணிந்துரை, படிக்காமலே எழுதப்பட்டது என்பது எழுதியவருக்கும் பெற்றவருக்கும் தெரியும். ஆனால் அதை நம்பிக் கைக்காசு போட்டுச் சில நூறு பிரதிகள் அச்சடித்து, கட்டுப் பிரிக்காமல் பரணில் வைத்திருப்பவர்களை நினைத்தால் கோபம் வருகிறது. மூத்தவரின் இரண்டு பக்கத் தாராளத்துக்கு இளையவரின் ஒரு மாதச் சம்பளம் போகிறது.

ஊக்குவிப்பின் உண்மையான பலம் வாசிப்பில் இருக்கிறது. அஞ்சலட்டை வந்தபோது ‘என்னை ஒருவர் படித்திருக்கிறார்’ என்ற நினைப்புதான் எழுத்தாளரை அடுத்த கதைக்கு உட்கார வைத்தது. ‘அருமை’ என்று மட்டும் சொல்லும்போது அந்த நினைப்பையே பறித்துவிடுகிறோம். படித்தவரும் அதைத்தான் சொல்கிறார், படிக்காதவரும் அதைத்தான் சொல்கிறார். குறை சொல்லத் தயங்குகிறவர்கள்கூட, கதையில் உயிர் உள்ள இடத்தைத் தொட்டுக் காட்ட முடியும். அதற்குத் துணிச்சல் தேவையில்லை, கவனம் போதும். அப்படி ஓர் இடம் காட்டப்பட்ட பிறகு, மற்ற பக்கங்கள் ஏன் அந்த உயரத்தில் இல்லை என்ற கேள்வியை எழுதியவர் தானாகவே கேட்டுக்கொள்வார். கறார் விமர்சனம் செய்ய விரும்பிய வேலையில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

ஆகவே, உங்கள் ஊர்க் கூட்டத்தில் யாராவது முதல் கதையை வாசித்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்தால், தயவுசெய்து நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். காகிதத்தைக் கையில் வாங்குங்கள். உங்களை நிறுத்திய வாக்கியத்தின் கீழே கோடு போட்டு, அதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.