படை மடிந்த இடத்தில் ஒரு மான்

கி.மு. 338இல் கிரீஸின் கைரோனியாவில் மாசிடோனியாவின் இரண்டாம் பிலிப்பிடம் தீப்ஸ் நகரப் படை தோற்றது. அங்கே மாண்டவர்களுக்காக எழுந்த கற்சிங்கத்தில் ஓர் எழுத்துகூடப் பொறிக்கப்படவில்லை. சுமார் ஐந்து நூற்றாண்டுகள் கழித்து அங்கு போன கிரேக்கப் பயண எழுத்தாளர் பௌசானியாஸ் அதற்கொரு காரணத்தை ஊகித்தார்: அவர்களின் துணிவுக்கேற்ற விதி அமையவில்லை, அதனால்தான் எழுத்தில்லை. 19ஆம் நூற்றாண்டில் தோண்டியபோது, சிங்கம் நின்ற அடைப்புக்குள் 254 எலும்புக்கூடுகள் வரிசையாகக் கிடந்தன. தீப்ஸின் புகழ்பெற்ற புனிதப் படையினர் அவர்கள் என்பது அறிஞர் பலரின் கருத்து.

அழிந்த படைக்கு விலங்கை நிறுத்தும் வழக்கம் மிகப் பழையது. அந்த விலங்கு மாண்டவர்களுக்காக நிற்கிறதா, அவர்களை மறைத்துக்கொண்டு நிற்கிறதா என்பதைத்தான் ஒவ்வொரு சின்னத்திடமும் கேட்க வேண்டியிருக்கிறது.

சுவிட்சர்லாந்தின் லூசர்ன் சிங்கத்திடம் இதைக் கேட்பது கடினம். சிற்பமாக அதற்கு ஈடில்லை. டென்மார்க் சிற்பி பெர்ட்டல் தோர்வால்ட்சன் வடிவமைக்க, லூக்காஸ் ஆஹோர்ன் 1820-21இல் ஒரு பழைய மணற்கல் குவாரியின் செங்குத்துச் சுவரில் அதைக் குடைந்தெடுத்தார். நீளம் பத்து மீட்டர். 1792 ஆகஸ்ட் 10 அன்று பாரிஸின் துயிலரி அரண்மனையைக் காக்க நின்று மடிந்த சுவிஸ் காவல்படைக்கான நினைவு அது. முறிந்த ஈட்டி உடலில் தைத்திருக்கிறது, தலை சாய்ந்துவிட்டது. முன்னங்கால் மட்டும் லில்லிப்பூ பொறித்த கேடயத்தின்மேல் கிடக்கிறது. கர்ஜிக்கும் சிங்கங்கள் ஊருக்கு ஊர் உண்டு. இது சாகிற சிங்கம். சாவை இவ்வளவு நேராகப் பார்த்த போர் நினைவுச்சின்னம் வேறொன்றை நான் அறியேன்.

ஆனால் அந்தக் கால் காப்பது பிரெஞ்சு மன்னரின் சின்னத்தை. சுவிஸ் கேடயம் ஓரமாகச் சாத்திவைக்கப்பட்டிருக்கிறது. மடிந்தவர்களோ கூலிக்குப் படையில் சேர்ந்தவர்கள். பதினாறாம் லூயி சண்டை தொடங்கும் முன்பே குடும்பத்தோடு சட்டமன்றத்தில் அடைக்கலம் புகுந்துவிட்டார். சண்டையை நிறுத்தச் சொல்லி அவர் எழுதியனுப்பிய சீட்டு வந்தபோது, மன்னர் இல்லாத அரண்மனைக்காக அவர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். இதில் எதுவும் பாறையில் இல்லை. அங்கே இருப்பது விசுவாசம் மட்டுமே. அதிகாரிகளுக்குப் பெயர்கள் உண்டு. மற்றவர்கள் மாண்டோர் 760, தப்பியோர் 350 என்ற ரோமன் எண்களாகச் சுருங்கிவிட்டார்கள். சின்னம் எழக் காரணமான கார்ல் ஃபிஃபர் அதே காவல்படையின் அதிகாரி. அன்று விடுப்பில் ஊரில் இருந்ததால் உயிர் தப்பியவர். அவர் துக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. அந்தத் துக்கம் அரண்மனையின் மொழியில் பேசுவதைத்தான் மறுக்கிறேன்.

இங்கிலாந்தின் ரெடிங் நகரப் பூங்காவிலுள்ள மைவாண்ட் சிங்கம் பெயர் விஷயத்தில் லூசர்னைவிட மேலானது. 1880 ஜூலை 27 அன்று ஆப்கானிஸ்தானின் மைவாண்டில் அயூப் கானின் படை பிரிட்டிஷ் படையை முறியடித்தது. அந்தப் போர்க்காலத்தில் இறந்த 66ஆவது பெர்க்‌ஷயர் படைப்பிரிவினர் 329 பேரின் பெயர்களும் பீடத்தில் உள்ளன, கடைநிலைச் சிப்பாய்கள் உட்பட. ஆனால் மேலே ஜார்ஜ் பிளாக்கால் சைமண்ட்ஸ் வார்ப்பிரும்பில் நிறுத்திய 16 டன் சிங்கம் உறுமுகிறது. கீழே படுதோல்வி, மேலே வெற்றியின் தோரணை. அது பெர்க்‌ஷயரின் விலங்குமல்ல, பேரரசின் விலங்கு. பேரரசின் சிங்கம் என்றால், அதே களத்தில் மடிந்த பம்பாய் கிரனேடியர்களுக்கும் ஜேக்கப்ஸ் ரைஃபிள்ஸ் சிப்பாய்களுக்கும் அதன் காலடியில் ஏன் இடமில்லை? ஒரு படைப்பிரிவுக்கான சின்னம்தானே என்ற பதில் பீடத்துக்குப் பொருந்தும், சிங்கத்துக்குப் பொருந்தாது.

பிரான்சின் போமோன்-ஹாமலில் நிற்பது சிங்கமல்ல, கரிபூ என்னும் வடதிசை மான். 1916 ஜூலை 1, சோம் போரின் முதல் நாளில், நியூஃபவுண்ட்லாந்து படைப்பிரிவினர் ஏறத்தாழ 800 பேர் அங்கே முன்னேறினார்கள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, தாக்குதல் முடிந்துவிட்டது. பிறகு பெயர் கூப்பிட்டபோது குரல் கொடுத்தவர்கள் 68 பேர். நியூஃபவுண்ட்லாந்து அன்று கனடாவில் சேராத தனி டொமினியன். படைப்பாதிரியார் தாமஸ் நேங்கிளின் முயற்சியில் அந்த நிலத்தையே வாங்கினார்கள். நிலவடிவமைப்பாளர் ருடால்ஃப் கோக்கியஸ் பதுங்குகுழிகளை அப்படியே விட்டு, நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் மரங்களை ஓரங்களில் நட்டார். பாசில் காட்டோ வார்த்த வெண்கல மான், வீரர்களின் தொப்பியில் இருந்த அதே சின்னம், எதிரி இருந்த திசையை நோக்கி நிற்கிறது. அடியிலுள்ள வெண்கலப் பலகைகளில் கல்லறை கிடைக்காத 820 பேரின் பெயர்கள்: படைவீரர்கள், கடற்படையினர், வணிகக் கப்பல் மாலுமிகள்.

சிற்பமாக இது லூசர்னின் அருகில்கூட வராது. ஒரே வார்ப்பு பிரான்சிலும் பெல்ஜியத்திலும் ஐந்து இடங்களில் நிற்கிறது. 2022இல் கலிப்போலியிலும் ஒன்று திறந்துவைக்கப்பட்டது. மானின் உடலில் காயமில்லை, தலை நிமிர்ந்திருக்கிறது. இருந்தும் நினைவுச்சின்னம் என்ற அளவில் இதையே முதலில் வைப்பேன். சாவைச் சொல்லும் வேலையை அங்கே குண்டுக்குழிகள் நிறைந்த மண் செய்கிறது. மானுக்கு எஞ்சியது இவர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள் என்று சொல்லும் வேலை. அதை அது பிறர் சின்னத்தைக் கடன் வாங்காமல் செய்கிறது. திரும்பத் திரும்ப வார்த்ததையும் குறையாக நான் எண்ணவில்லை. அந்தப் படை சண்டையிட்ட இடங்களை அவை தொடுத்துக் காட்டுகின்றன.

ஆனால் லூசர்ன், ரெடிங் சிங்கங்களிடமுள்ள ஒரு தவறு மானிடமும் இருக்கிறது. விலங்கு யார் ஏவியும் போருக்குப் போவதில்லை. தன் இயல்பால் எதிர்த்து நிற்பதாகவே அது தோன்றும். இந்தப் படைகளோ ஆணையின்படி நடந்து மடிந்தவை. 1925 ஜூன் 7 அன்று போமோன்-ஹாமல் சின்னத்தைத் திறந்து வைத்தவர் டக்ளஸ் ஹெய்க், 1916இல் அந்தத் தாக்குதலை நடத்திய தலைமைத் தளபதி. மான் தனியே நிற்கும் அந்தப் பாறைமேட்டில் கட்டளை இட்டவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்தக் கட்டளை எத்தகையது என்பதைப் பக்கத்திலுள்ள பதுங்குகுழிகளில் இறங்கி, எதிரி வரிசைவரை கிடக்கும் வெட்டவெளியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.