கல்லும் கல்போலியும்

கோலசிலாங்கூர் வட்டாரத்துப் புக்கிட் ரோத்தானில் உள்ள ஸ்ரீ சக்தி தேவஸ்தானம் 2013ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்டது. 51 சக்தி பீடங்களின் வடிவங்களையும் ஒரே கோயிலில் கற்சிற்பங்களாகக் காட்டியிருப்பது அதன் தனிச்சிறப்பு. காணச் செல்வோர் சிற்பத்தின் அழகைப் பேசுகின்றனர். கல்லைப் பேசுவோர் சிலரே. கருங்கல்லுக்குப் பொருள்வசதி இல்லாத சிறு கோயில்களிலும் மண்டபங்களிலும் கல்லைப் போன்ற தோற்றமாவது வேண்டும் என்ற ஆசை எழுவது இயல்பு. அந்த ஆசை கலைக்கு நன்மை செய்யுமா என்பது ஆராயத்தக்கது.

இன்று கடைகளில் கல்லைப் போன்றவை பல உண்டு. பளிங்கின் வரிகளை மேலே அச்சிட்ட பீங்கான் ஓடு ஒன்று. ‘சாலிட் சர்ஃபேஸ்’ என்று வணிகர் வழங்கும் பலகை மற்றொன்று. பின்னதை 1960களில் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தார் ‘கோரியன்’ என்ற பெயரில் உருவாக்கினர். ஏறத்தாழ இரு பங்கு கனிமத் தூளும் ஒரு பங்கு அக்ரிலிக் பிசினும் கலந்து வார்த்தது அது. மேலும் கீழும் நடுவும் ஒரே பொருள். மரத்தைப் போல அறுக்கலாம், சூடேற்றி வளைக்கலாம், இரு துண்டுகளை ஒட்டித் தேய்த்தால் மூட்டு கண்ணுக்குத் தெரியாது. கீறல் விழுந்தால் தேய்த்தே போக்கலாம். இத்தனை இயல்புகள் உடைய ஒன்றைப் பளிங்குக்குப் பதிலாள் ஆக்குவது, நல்ல நடிகனை மாறுவேடத்திற்கு மட்டும் அழைப்பது போன்றது.

போலச் செய்தல் தமிழ்க் கலைக்குப் புதிதன்றே என்று சிலர் வினவலாம். வினா நியாயமானதே. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மண்டகப்பட்டில் குகைக்கோயில் குடைவித்த முதலாம் மகேந்திரவர்மன், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய நான்கும் இன்றிக் கோயில் எடுத்ததாகக் கல்வெட்டில் பெருமிதம் கொண்டான். எனினும் அவன் வழிவந்தோர் மாமல்லபுரத்தில் பாறையைச் செதுக்குவித்தபோது மரக்கட்டடத்தின் உருவத்தையே செதுக்குவித்தனர். திரௌபதி ரதம் என இன்று வழங்குவது கூரை வேய்ந்த குடிசையின் வடிவம். பீம ரதத்தின் வளைந்த கூரை, மரச்சட்டங்களை வளைத்துக் கட்டிய கூரையின் நினைவு. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. சிற்பி எடுத்துக்கொண்டது குடிசையின் வடிவத்தை. ஓலையின் தோலை அன்று. பார்ப்போர் எவரும் அதனை ஓலை என மயங்குவதில்லை. கல் கல்லாகவே நின்று குடிசையைப் பேசுகிறது. வரி அச்சிட்ட ஓடோ மயக்குவதற்கென்றே செய்யப்பட்டது. ஓரம் உடைந்த அன்று மயக்கமும் உடையும்.

இந்நாட்டில் இதற்கு நல்லதொரு மறுமொழி காலடியிலேயே கிடந்தது. பழைய பள்ளிகளிலும் கடைவீடுகளிலும் கோயில்களிலும் காணப்படும் டெராசோத் தரையே அது. பளிங்குச் சில்லுகளைச் சிமெண்டோடு குழைத்துப் பரப்பி, இறுகியபின் நீர் விட்டுச் சாணைக்கல்லால் தேய்த்து மெருகிடுவர். நிறம் மாறும் எல்லைகளில் பித்தளைப் பட்டை பதிப்பர். அப்பட்டையே தொழிலாளியின் எழுதுகோல்; தாமரையும் விண்மீனும் அதனாலேயே பிறக்கும். இதுவும் கல்லின் துண்டுகளால் ஆனதுதான். ஆனால் முழுக்கல் என்று நடிப்பதில்லை. சில்லுகளை வெளிப்படையாகவே காட்டுகிறது. மங்கினால் மீண்டும் தேய்க்கலாம். வேலைக்கு நாள் பிடிக்கும், சேறு தெறிக்கும், கூலி மிகும் என்பது மெய். அதன்மேல் ஓடு பரப்பிவிடுவது எளிது என்பதும் மெய். ஆகவே ஆலயக் குழுவினரை முற்றும் குறைகூறுவதற்கில்லை.

கோயில் அருங்காட்சியகம் அன்று. எண்ணெயும் நெய்யும் மஞ்சள்நீரும் நாள்தோறும் சிந்தும் இடம். முதியோர் ஈரக்காலோடு நடக்கும் இடம். மெருகேறிய ஓடு நீர் பட்டால் வழுக்கும். கருங்கல் எண்ணெயை உறிஞ்சிக் கறுக்கும். அக்கறுப்பை அடியார் அழுக்கு எனக் கொள்ளாமல் பழமை எனக் கொள்வர். பிசின் பலகை கறையை எளிதில் ஏற்காது; ஆனால் நெருப்பைத் தாங்காது. கற்பூரத் தட்டு வைக்குமிடத்தில் அதைப் பதித்தால் கருகிய வட்டமே எஞ்சும். அதற்குரிய இடங்கள் வேறு: அன்னதான மேடை, கைகழுவும் தொட்டி, அலுவலக மேசை. அங்கெல்லாம் அது வளைந்து, மூட்டின்றி, ஒற்றை நிறத்தில், பளிங்கின் பெயரைக் கடன் வாங்காமலே அழகாக நிற்கும்.

வட சிலாங்கூரில் ரப்பர் செம்பனைக்கு வழிவிட்டது. தோட்டங்கள் பல கைமாறின. மக்கள் லயங்களை விட்டுப் புதுக் குடியிருப்புகளுக்குச் சென்றனர். கோயில் இடம்பெயரும்போது சிலை வரும், வேல் வரும், மணி வரும். தரை வராது. பால்வெட்டிப் பெற்ற கூலியில் மிச்சம்பிடித்துத் தந்த நன்கொடையால் மெருகேறிய தாமரை அங்கேயே மண்மூடும். புதிய இடத்தில் குழு கூடும் வேளையில் அத்தாமரையின் படம்கூட இல்லையாயின், மேசைமேல் விரிவது ஓட்டுக் கடையின் மாதிரி அட்டைதான். தரையை இடிக்கும் முன் அதன் கோலத்தைத் தாளில் பிரதி எடுக்கத் தமிழ்ப்பள்ளி மாணவர் நால்வரும் ஓர் ஆசிரியரும் போதும். ஒரு பிற்பகலில் முடியும் வேலை அது.